மெர்லினின் எலும்பும் தெருவாரின் சூப்பும்

மெர்லினுக்கு வயது இருபது. ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை எலும்பு முறிந்துவிட்டது. படியில் தடுக்கியதில் கால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதில் தோள், இப்போது பஸ் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் வலது மணிக்கட்டு. ராயபுரத்தில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா சைமன், "சோம்பேறிக் கயுத! நாலு வேலை செஞ்சாத்தானே எலும்பு நிக்கும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

மருந்துக்கடை தேவப்பிரியம் அண்ணாச்சி டாக்டருக்குப் படிக்கவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் குறை. "புள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து பத்தாதுல்லா" என்று கால்சியம் மாத்திரையை டப்பா டப்பாவாகத் தள்ளினார். மாதா கோயிலின் தெருக் குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு முறை போடுவதுபோலவே முறை போட்டு, வீட்டுக்கு ஒரு நாளாக ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். மெர்லின் குடித்தாள், வாந்தியெடுத்தாள், இன்னும் துவண்டாள். சூப்பில் மிளகு போதவில்லை என்று முடிவாயிற்று.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள்.

"உனக்குக் கால்சியம் குறைச்சல் இல்லம்மா, ரத்தத்துல ஏகத்துக்கு இருக்கு" என்றார் டாக்டர் டெபோரா. "கழுத்துக்குள்ள அரிசி மணி மாதிரி நாலு சுரப்பி உண்டு. அதுல ஒண்ணுல கட்டி. எலும்புல இருக்கறதை உருவி ரத்தத்துல கொட்டுது. கட்டியை எடுத்துட்டா எலும்பு தேறும். விட்டா அடுத்தது இடுப்பு உடையும், கிட்னியில கல்லு சேரும். மாத்திரையை இன்னிக்கே நிறுத்து."

தான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். மெர்லினுக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில்.

சைமனுக்கு வேறு கவலை. "கழுத்துலயா? அறுத்தா தயும்பு நிக்குமே டாக்டர். பொண்ணு பாக்க வர்றவன் இன்னா நெனைப்பான்? கல்யாணம் முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

"மூணு தபா ஒடைஞ்சேன் நைனா. ஒரு தபாகூட நீ இப்படிப் பதறல."

மெர்லின் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இருவது வயசாச்சு டாக்டர். ஆப்ரேசன் சம்மதப் பாரத்தைக் குடுங்க."

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. முடித்ததும் தாளை அப்பாவிடம் நீட்டினாள்.

"சாட்சிக் கையெய்த்து நீ போடு."