ரங்கண்ணா சொன்ன வார்த்தை

"கேட்டைப் பூட்டுங்க! ஒரு லாரியும் வெளிய போகக் கூடாது!"

கத்திக்கொண்டே ஓடிய சோபனா, திரும்பத் தொடங்கியிருந்த மாம்பழ லாரியின் முன்னால் போய் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"நவுருங்க மேடம். ஃபேக்டரி ஓடாதுன்னுட்டாங்க. வெயில்ல பழம் வெந்துரும். கிருஷ்ணகிரியில எடுத்துக்கிறாங்களாம்."

"இங்கயே எடுத்துக்கிறோம்ங்க. கொஞ்சம் பொறுங்க."

மாரண்டஹள்ளிச் சாலையில் இருந்த அந்த மாங்கூழ் ஆலைக்கு அவள்தான் கொள்முதல் மேலாளர். பழம் இருந்தது, பாய்லர் கொதித்தது. கூழை அடைக்கும் பைகள்தான் இல்லை. வழக்கமாக அனுப்பும் கோவை கம்பெனி காலையில் கையை விரித்துவிட்டது. மிச்சம், கர்நாடகத்து ஆனேக்கல் ரங்கண்ணா. 'அந்தாளு விலை ஜாஸ்தி, வெட்டிவிடு' என்று ஆலையின் பெரிய மேனேஜர் மாதவராஜ் ஒவ்வொரு சீசனும் சொல்லியும், சின்னச் சின்ன ஆர்டர் கொடுத்து அவள் பிடித்துவைத்திருந்த ஆள்.

அவள் கோவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ரங்கண்ணாவிடம் பைகள் கேட்டுப் பேசியவன் உதவியாளன் வீரமணி, மொரப்பூர்க்காரன். "அங்கயும் சரக்கு முடிஞ்சு போச்சாம்ங்க" என்றான். அதன்பிறகு ரங்கண்ணா போனை எடுக்கவே இல்லை.

மாதவராஜ் வேகமாக வந்தார். "பர்ச்சேஸ்னா விலை குறைச்சு வாங்கு, போதும். லாரியை மறிக்கச் சொன்னது யாரு? பழம் அழுகினா?"

"நான் பதில் சொல்றேன் சார்."

"உன் வேலை போயிடும்."

"தெரியும் சார்."

"எதை நம்பி நிறுத்தி வச்சிருக்கே?"

சோபனா கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தையை நம்பி என்று சொன்னால், அடுத்த நொடி அவரே கேட்டைத் திறந்துவிடுவார்.

வெயில் ஏறியது. பழவாசம் புளிக்க ஆரம்பித்தது. "மேடம், இத்தனையும் உங்க வூட்டுல ஜூஸ் போடவா?" என்று ஒரு டிரைவர் கத்த, மற்றவர்கள் ஹாரனை அமுக்கினார்கள்.

மாதவராஜுக்குப் பொறுமை தீர்ந்தது. வாட்ச்மேன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். பூட்டு கழன்றது. கேட் விரியத் திறந்தது.

வெளியே யாரும் போக முடியவில்லை. வழியை அடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது ஒரு டெம்போ. கர்நாடக நம்பர். முதுகு நிறைய, கூழ் அடைக்கும் பைகள் கட்டுக்கட்டாக.

மாதவராஜ் வீரமணியை முறைத்தார். "முடிஞ்சு போச்சுன்னியேடா?"

"காலையில எங்கிட்ட சொன்னதைச் சாருக்கும் சொல்லு" என்றாள் சோபனா. "ரங்கண்ணா வாயில வந்தது என்ன?"

"'ஆய்த்து, ஆய்த்து'ன்னு சொல்லி போனை வச்சுட்டாருங்க. ஆயிப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

"சரக்கு இல்லேன்னா அவர் 'காலி'ன்னுதான் சொல்வாரு" என்றாள் சோபனா. "கன்னடத்துல 'ஆய்த்து'ன்னா 'சரி'. அனுப்பறேன்னுதான் சொல்லியிருக்காரு."