ஜகதாம்பாளுக்குத் தரை

1912ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஜகதாம்பாளின் கால்கள் தரையில் படவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே நின்றாள், நடந்தாள், பல் தேய்த்தாள். கல்கத்தா காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த மாடி வீடு, கவர்ன்மெண்ட் ஆபீஸில் வேலை பார்த்துக் காலமான அவள் கணவர் அவளுடைய நகைகளை விற்று வாங்கியது. ஆகையால் அவள் பேரில் இருந்தது. முந்தின நாள்தான் அதைப் பிரித்துப் பத்திரம் பதிவானது. கீழ்க்கட்டு மூத்தவன் பட்டாபிராமனுக்கு. மாடி இளையவன் மஹாதேவனுக்கு. சமையலறையும் கிணற்றடியும் பெண் ராஜலக்ஷ்மிக்கு. அவள் புருஷனோடு அங்கேயேதான் இருந்தாள். மாடிப்படி மூவருக்கும் பொது. பேரன்களுக்குப் பாத்திரங்கள். மொட்டை மாடி பட்டாபியின் பெண் ஜெயலக்ஷ்மிக்கு, ஏனென்றால் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. பத்திரம் எழுதிய வங்காளி வக்கீல் கடைசியில், உங்களுக்கென்று எதை வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். மூன்று குழந்தைகளைப் பெற்றவளுக்குத் தனியாக இடம் எதற்கு என்று ஜகதாம்பாள் சிரித்தாள். குழந்தைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

பட்டாபிராமன் ஒரு பலகையைக் காலடியில் தள்ளிப் பார்த்தான். அவள் பலகைக்கு மேலே ஒரு சாண் ஏறினாள். தெருவிலும் அப்படியே. வக்கீல் வந்து பார்த்துவிட்டு, சட்டப்படி இதில் பிசகில்லை என்றார். சொந்தக்காரன் உரிமையில் நிற்கிறான், குடக்கூலிக்காரன் கூலி கொடுத்து நிற்கிறான், இந்த அம்மாள் எதன் பேரில் நிற்பது? நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

சிரமம் காற்றுதான். ஆதிகங்கைக் கால்வாய்ப் பக்கமிருந்து வீசினால் அவள் நகர்ந்துவிடுவாள். அவள் ஒரு வேளைதான் சாப்பிடுவாள். அந்த வேளைக்கு யார் பாகத்தில் இருக்கிறாளோ அவர்கள் சோறு போடுவது என்று பேசியிருந்தார்கள். ஆகையால் உச்சி நெருங்கியதும், காற்று அவளை அடுத்தவர் பாகத்துக்குத் தள்ளட்டும் என்று, அவரவர் ஜன்னலை அவரவர் திறந்து வைத்தார்கள். பல நாள் அவள் மாடிப்படியில் போய் ஒதுங்கினாள். பொது இடத்தில் இருப்பவளுக்கு யாரும் போட வேண்டியதில்லை.

இதில் இருந்த லாபத்தை முதலில் கண்டவள் மஹாதேவன் மனைவி காமு. கிணற்றடியில் நாத்தனாரிடம் சொன்னாள்: "அம்மா மாதிரி மடி காசியிலகூடக் கிடையாது. எச்சிலை மிதிக்க மாட்டா, ஈரத்தை மிதிக்க மாட்டா, யார் தீட்டும் ஒட்டாது."

"அப்போ மடிப் புடவை உலர்த்த இனிமே கொம்பு வேண்டாம்னு சொல்லு. உசரக் கொடியில போட அம்மா இருக்கா" என்றாள் ராஜலக்ஷ்மி.

செய்தி பவானிபூர் வரை பரவியது. கல்கத்தாவில் இருந்த தமிழ் வீடுகளெல்லாம் அவள் பிழிந்த வடாமையும் அவள் போட்ட ஊறுகாயையும் கேட்டு ஆள் அனுப்பின. வங்காளிப் பெண்கள் கால் தொட்டுக் கும்பிட வந்தார்கள். அதிகம் குனிய வேண்டாததால் மறுபடியும் வந்தார்கள். ஜகதாம்பாள் எந்தப் பாகத்தில் மிதக்கிறாளோ அந்தப் பிள்ளைக்குக் கல்யாணங்களில் முதல் பந்தி. இப்போது ஜன்னல்களை அறைந்து சாத்தினார்கள். பட்டாபிராமன் அவளைத் தூணில் கட்டினான். ஊர் தப்பாகப் பேசக் கூடாதென்று பட்டு நூலால் கட்டினான்.

தலைநகரத்தோடு அவனுடைய ஆபீஸும் டெல்லிக்குப் போனபோது, தாயார் மிதக்கிறாள் என்று எழுதிக் கொடுத்துக் கல்கத்தாவிலேயே தங்கினான். யுத்தம் வந்து போனது. ஜகதாம்பாளுக்கு உட்கார வேண்டும். அவ்வளவுதான். மிதப்பவளுக்கு முட்டி மடங்கும், ஆனால் இடுப்பு எதிலும் அமராது. தூக்கத்திலும் முதுகு எதையும் தொடாது.

"கால் வெக்க ரெண்டடி எழுதிக் குடுடா, பட்டாபி."

"நீ இறங்கிட்டா மடி போயிடுமேம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மஹாதேவன், அண்ணா ஓரடி கொடுத்தால் தான் இரண்டடி தருவதாகச் சொன்னான். அண்ணாவும் அதையே சொன்னான். ராஜலக்ஷ்மி தன் புருஷனைக் கேட்க வேண்டும் என்றாள். அவர், அவளுடைய சொத்து, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

பேத்தி ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணமாகி, பிரசவத்துக்கு வந்தபோது பதினெட்டு முடிந்திருந்தது. தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசினாள். பாட்டி பட்டு நூலில் ஆடிக்கொண்டே தூங்குவதைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் கேக்கலே?"

"நீ சின்னவளா இருந்தே. அப்புறம் மறந்தே போச்சு, உனக்கும் ஏதோ குடுத்தேன்னு."

வக்கீலின் பிள்ளை இப்போது வக்கீல். அவர் வந்து மொட்டை மாடியில் இரண்டடிக்கு இரண்டடி கோடு போட்டார். பத்திரம் பதிவான அன்று ஜெயலக்ஷ்மி நூலை அவிழ்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாட்டியை மேலே நடத்திப் போனாள்.

"பாட்டி, ஏக்டு, கொஞ்சம் இறங்கிப் பாரு."

ஜகதாம்பாள் இறங்கினாள். சித்திரை வெயிலில் தளம் சுட்டது. காலை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் சொடுக்கின. பேத்தி குடை பிடித்தாள்.

மத்தியானம் பட்டாபிராமன் தானே இலையும் சோறும் கொண்டுவந்தான். பின்னால் மஹாதேவன் விசிறியோடு வந்தான். ராஜலக்ஷ்மி புருஷனைக் கேட்காமலே மோர் கொண்டுவந்தாள். மூவரும் கோட்டை மிதிக்காமல் சுற்றி நின்றார்கள். அவள் சாப்பிட்டு முடித்தாள். பட்டாபிராமன் அந்தச் சதுரத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பார்த்தான்.

"ஏம்மா, உனக்கப்புறம் இந்த இடம் யாருக்கு?"