பன்னிரண்டு நிமிடத்தில் வந்த புறாக்கள்

காலை ஏழு மணிக்கு வளன் போன் செய்தான்.

"விழுப்புரம் வந்துட்டேன். கூடையத் தொறந்து உட்டுட்டேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். "உன் புள்ளைங்கள வழியனுப்பியாச்சு" என்ற வழக்கமான கிண்டல்கூட இல்லை.

திண்டிவனம் வீட்டு மொட்டை மாடியில் ஜாக்குலின் போனையே பார்த்தாள். தினமும் முட்டை லோடு ஏற்றிப் போகும் கணவனின் வேனில், பந்தயத்துக்குப் பழக்கும், எங்கே விட்டாலும் வீடு தேடி வரும் ஆறு ஹோமர் புறாக்களைக் கொடுத்தனுப்புவாள். விழுப்புரத்திலிருந்து வீடு சேர அரை மணிக்கு மேல் ஆகும். வளனுக்குப் புறாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கூடையின் தாழ்ப்பாள் மட்டும்.

காபி போடத் திரும்பியவளின் தலைக்கு மேலே பட்! பட்! பட்!

ஆறும் வந்துவிட்டன. மணி ஏழு பன்னிரண்டு.

தொலைவிலிருந்து வரும் புறா இப்படிச் சிறகு தட்டாது. களைப்பில் 'விஷ்' என்று காற்றைச் சீவிக்கொண்டு இறங்கி, நேரே தண்ணீரில் அலகை முக்கும். இவையோ சிறகுகளை முதுகுக்கு மேல் கைதட்டுவதுபோல் மோதி, கூண்டைச் சுற்றி விளையாடின. மிஞ்சிப் போனால், பாதி வழிகூட இல்லாத மயிலத்திலிருந்து வந்திருக்கும்.

அவள் அழைக்க, வளன் மூன்றாவது முறைதான் போனை எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"விழுப்புரத்துலதான்டி. எத்தினி வாட்டி சொல்றது?"

"புறா வந்துடுச்சு."

"அப்பாடா! யாராச்சும் கேட்டா, ஏழு மணிக்கு எம்புருஷன் விழுப்புரத்துல புறா விட்டாருன்னு சொல்லு. உங்க புறாப் பந்தய கிளப்புக்கும் மெசேஜ் போட்டுடு."

புறா என்றாலே மூஞ்சியைச் சுளிப்பவன், கிளப்புக்குச் செய்தி போடச் சொல்கிறான்! புறாக்களைச் சாட்சிக்கு அனுப்பியிருக்கிறான்.

"பன்னண்டு நிமிஷத்துல வர்றதுக்கு இது ராக்கெட்டாங்க? மயிலத்தாண்ட என்ன பண்ணீங்க?"

அவன் குரல் உடைந்தது.

"ஜாக்கு... சைக்கிள்ல ஒரு பொம்பள, பூக்கூடையோட. குறுக்க வந்துட்டா. சத்தியமா நான்..."

"உயிர் இருக்கா?"

"தெரியல. எறங்கிப் பாக்கல. பள்ளத்துல விழுந்துட்டா. ரோட்லேர்ந்து பாத்தா தெரியாது."

"எந்த எடம்?"

"பேஜாராயிடும் ஜாக்கு. உள்ள தள்ளிடுவாங்க. நீ மட்டும் வாய மூடிக்கினு இருந்தா..."

"எந்த எடம்னு கேட்டேன்!"

"மயிலம் பிரிவு ரோடு தாண்டி... மூடிக் கெடக்குதே டீக்கடை, அதுக்கு எதுர்ல."

லைனைத் துண்டித்தாள். 108ஐ அழுத்தி இடத்தைச் சொன்னாள்.

"நீங்க அங்கதான் இருக்கீங்களாம்மா?"

"இல்ல, திண்டிவனத்துல."

"பின்ன எப்படித் தெரியும்? யாரு மோதுனது?"

திரையில் வளனின் அழைப்பு மின்னிக்கொண்டே இருந்தது.

"என் வீட்டுக்காரரு" என்றாள் ஜாக்குலின். "பேரு வளன். வண்டி நம்பரும் சொல்றேன். மொதல்ல ஆம்புலன்ஸ அனுப்புங்க. ஜல்தி!"