நீலக் கோட்டின் பசி

பல் மருத்துவம் படித்த அந்த மாணவியின் அலமாரியில் தொங்கிய உடைகளில் பாதிக்குப் பசித்தது. புதிதாக வாங்கியவை தேமே என்று தொங்கும். பழைய துணிக்கடையில் எடுத்தவற்றுக்குத்தான் வேளை தவறாமல் பசி வந்தது. கடுகு நிற ஸ்வெட்டருக்கு மசித்த உருளைக்கிழங்கும் அதன் தலையில் தாராளமாக மிளகுத்தூளும் வேண்டும். கோடு போட்ட ஆண்பிள்ளைச் சட்டைக்கு முட்டை, அதுவும் மஞ்சள் கரு உடையாமல். முழங்கால் வரை வரும் பழுப்புப் பாவாடை இனிப்பைத் தவிர வேறு எதையும் சீண்டாது. மழை நாளில் படிக்கட்டின் கைப்பிடி வியர்ப்பதைப் போல, அந்த வீட்டில் இதுவும் ஒரு விஷயம், அவ்வளவுதான்.

அவளுடைய சொந்தப் பசி, படிக்க வந்த முதல் வாரமே விட்டுப்போயிருந்தது. சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் தட்டைப் பார்த்தாள், தட்டும் அவளைப் பார்த்தது, அதோடு சரி. கல்லூரியில் காலையிலிருந்து மெழுகுக் கட்டியைச் செதுக்கிக் கடைவாய்ப் பல் செய்வதுதான் வேலை. நாள் முழுக்கப் பல்லோடு மல்லுக்கட்டியவள் தன் பல்லுக்கு மட்டும் வேலை வைக்கவில்லை. சாயங்காலம் அம்மா போனில் "சாப்பிட்டியாடி?" என்பாள். "ஆச்சும்மா." "என்ன சாப்பிட்ட?" "அதான்மா, எல்லாம்." எல்லாம் என்று ஒரு பண்டம் உலகத்தில் கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தொலைவில் இருக்கும் பிள்ளையின் வாயில் எப்படி ஊட்டுவது என்று தெரியாமல் விட்டுவிடுவாள். எதிர் அறையில் குடியிருந்த நர்ஸ் அக்காவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருந்த சமையலறையில் மாணவியின் அடுப்புப் பக்கம் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நீ என்ன, காத்தைக் குடிச்சு உயிர் வாழுறியா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த பழைய துணிக்கடைக்குள் மாணவி முதன்முதலில் நுழைந்தது மழைக்கு ஒதுங்கத்தான். ரயில் போகும்போதெல்லாம் அங்கே தொங்கும் சட்டைகள் எல்லாம் சேர்ந்தாற்போலத் தோளைக் குலுக்கும். எப்போதும் வாயில் ஒரு பித்தானைக் கவ்விக்கொண்டு தைப்பதால் கடைக்காரிக்குப் பட்டன் அக்கா என்று பெயர். அன்று குளிருக்குக் கிடைத்த கடுகு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மாணவி வெளியே வந்தபோது ஏதோ உறுமியது. ரயில் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் தண்டவாளம் காலியாக இருந்தது. உறுமியது வயிறு. வழியிலேயே உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு ஓடினாள். வேக வைப்பது எப்படி என்று தெரியவில்லை. குளித்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா குளியலறைக்குள்ளிருந்து கத்திக் கத்திச் சொல்ல, இவள் செய்தாள். சாப்பிட்டு முடித்து ஸ்வெட்டரைக் கழற்றியதும் பசி விளக்கை அணைத்தாற்போல நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. நர்ஸ் அக்காவும் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். "சரி, எனக்கும் சேர்த்து ரெண்டு கிழங்கு போடு" என்றாள். அந்த விஷயத்தில் அதற்கு மேல் ஆராய்ச்சி நடக்கவில்லை.

அந்த வருடம் மாணவி சமைக்கக் கற்றுக்கொண்டாள். உப்பை அள்ளிப் போட்டாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், ஒரு வாணலியை ஒழித்துக் கட்டினாள். சட்டை கேட்கிறதே என்று முட்டை பொரித்தாள், பாவாடை கேட்கிறதே என்று ஆப்பிளைச் சர்க்கரையில் வதக்கினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. போனில் அம்மாவின் கேள்வியும் மாறியது. "இன்னிக்கு எதைப் போட்டிருக்க?" என்று முதலில் கேட்பாள், கேட்டுவிட்டு வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவதா நீளமாக நறுக்குவதா என்று சொல்லிக்கொடுப்பாள். மகள் வயிற்றுக்குள் போகிறதென்றால் அது யார் பசியாக இருந்தால் அம்மாவுக்கு என்ன?

இரண்டாம் வருடக் குளிர் தொடங்கியபோதுதான் நீலக் கோட்டு கிடைத்தது. கனத்த கம்பளி, மரப் பித்தான்கள், உள்ளே நாவல்பழ நிறத்தில் வழவழவென்று துணி. முழங்கையில் யாரோ அதே நிற நூலால், தைத்த இடம் தெரியாமல் இழை ஓட்டியிருந்தார்கள். அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. கோட்டுக்குப் பூசணிக்காய் சூப்பு வேண்டியிருந்தது. அதென்ன பிரமாதம் என்று பூண்டும் வெங்காயமும் சேர்த்து வைத்தாள். குடித்தாள். பசி அப்படியே இருந்தது. இன்னொரு கிண்ணம். அப்படியே. பூசணியைச் சுட்டுப் பார்த்தாள், பால் விட்டுப் பார்த்தாள், இஞ்சி தட்டிப் போட்டாள், புளிப்புக்கு எலுமிச்சை பிழிந்தாள். கோட்டு எதற்கும் மசியவில்லை. அதுமட்டுமல்ல, மற்ற உடைகளின் பசி கழற்றினால் போய்விடும். இதன் பசி கழற்றிய பிறகும் கூடவே வந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தது, படுக்கையில் பக்கத்தில் படுத்தது. சட்டியைக் காலி செய்யச் செய்ய அவள் இளைத்தாள். செய்முறைத் தேர்வன்று செதுக்கும் கத்தி வழுக்கி, கடைவாய்ப் பல் கோணல் மாணலாக வந்தது. பேராசிரியர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லால பாலைக்கூட கடிக்க முடியாதும்மா. அடுத்த தடவை வா" என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை தவறினால் அந்த வருடமே போய்விடும்.

நர்ஸ் அக்கா ரத்தம் எடுத்துப் போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தாள். "உடம்புல ஒண்ணும் இல்லடி. கோளாறு கோட்டுலதான். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துட்டு வா."

"கொடுக்க மனசு வரலக்கா. அது பாவம்க்கா, எதையோ தேடுது."

"அது தேடட்டும். நீ காணாமப் போயிடாத."

மாணவி கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போனாள். பட்டன் அக்கா வாயிலிருந்து பித்தானை எடுத்துவிட்டு யோசித்தாள். ஆற்றுப் பாலம் வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தாராம். கொடுத்த பிறகும் வாசலிலேயே நின்றாராம், திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பட்டன் அக்காவுக்குப் பயமாகிவிட்டதாம்.

மாணவி அந்த பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் கூச்சல் போட்டதும்தான் நினைவு வந்து நிறுத்தினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், இந்தக் கோட்டுக்கு என்ன பிடிக்கும்னு கேட்க வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "பூசணி சூப்பு" என்றார்.

"அது தெரியும். எப்படி வெச்சாலும் ஏத்துக்க மாட்டேங்குது."

"என் வீட்லயும் அதே கதைதான்மா" என்றார் டிரைவர்.

கோட்டு அவர் மனைவியுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருடம் பெரிய வியாதி வந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்து வந்தார். வியாதி போய்விட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் பசி திரும்பவில்லை. கோட்டு உடம்பில் சாக்கு மாதிரி தொங்கியதும், பார்க்கவே பிடிக்கவில்லை என்று டீச்சரே கொடுத்துவிடச் சொன்னார். அது வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து, ஏதோ பேருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததும் நின்றுபோய், இப்போது இரண்டு கரண்டி உள்ளே போவதே பெரும்பாடாக இருந்தது.

டிரைவருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மாணவி அவர்கள் வீட்டுக்குப் போனாள். சமையலறை ஜன்னல் சாலையைப் பார்த்து இருந்தது. டீச்சர் உள்ளறையில், ஜன்னலோரத்து நாற்காலியில், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி லேசாக உட்கார்ந்திருந்தார். தன் கோட்டு இன்னொருத்தி மேல் நடந்து வருவதைப் பார்த்து, "என்னைவிட உனக்கு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். டிரைவர் சமைக்கத் தொடங்கினார். பூசணியை ஒரே அளவில் துண்டு போட்டார், தீயைக் குறைத்து வைத்தார், கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலச் சட்டியையே பார்த்துக்கொண்டு விடாமல் கிளறினார். சூப்பு பொன்னாக வந்தது. டீச்சர் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று கிண்ணத்தை வைத்தார். சுமாராகப் படிக்கும் பையனைப் பற்றி அவன் பெற்றோரிடம் சொல்வது போன்ற குரல். மாணவி ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தாள். கோட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டாவது சட்டி அடுப்பில் ஏறியது. என்னதான் குறைகிறது என்று கேட்டுக்கொண்டே மாணவி பூண்டு உரித்தாள். டீச்சரை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டும் வைத்தாள். அவ்வளவுதான், டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் பஸ்ஸில்தான். உங்கள் கால அட்டவணைப்படி பஸ் ஓட வேண்டுமென்றால் அது பறந்தால்தான் முடியும் என்று ஒரு பெண் ஏறி நின்று சண்டை போட்டாளாம். போட்டது மட்டுமல்ல, டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டே காட்டினாளாம். கரண்டியை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, எந்த வளைவில் எப்படித் திரும்பினார், எந்த வரியில் அவள் தப்புச் செய்தாள் என்று நடித்துக் காட்டினார். அப்போது கீழே ஒரு பஸ் போனது. "பாருங்கம்மா, இவன் கியர் மாத்துற லட்சணத்தை!" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. "ஏங்க! அடிப்பிடிக்குது! அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

டிரைவர் பதறிப்போய் அடுப்பை அணைத்தார். புகை கூரையில் போய் முட்டியது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவர் தானாக எழுந்து சமையலறை வரை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நேராகச் சட்டியிடம் போய், கரண்டியால் அடியைச் சுரண்டிக் கலக்கி, நின்றபடியே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுக்குப் பேரு சூப்பு" என்றார். "இத்தனை நாளா ஆஸ்பத்திரித் தண்ணியை இல்ல ஊத்திட்டிருந்தீங்க!"

"கருகினது உடம்புக்கு ஆகாதேன்னு பார்த்துப் பார்த்து வெச்சேன்..." என்று டிரைவர் இழுத்தார். கல்யாணமான நாள் முதல், ஜன்னலில் பஸ்களைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் சூப்பைத் தீய்த்தவர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகத் திட்டிக்கொண்டே குடித்தவர் டீச்சர். வியாதி வந்த பிறகு டிரைவர் ஒரு தரம்கூடக் கவனம் சிதறவில்லை. பயத்தில் அவ்வளவு நன்றாகச் சமைத்துவிட்டார். இப்போது சட்டியைச் சுரண்டும் மனைவியைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டார். மாணவியும் ஒரு வாய் குடித்தாள். இனிப்பு, புளிப்பு, அதன் அடியில் லேசான கருகல். தோளில் கோட்டு தளர்ந்தது. சூடு மரப் பித்தான்கள் வரை பரவியது. மூன்று பேருமாகச் சட்டியைக் காலி செய்தார்கள்.

கிளம்பும்போது அவள் கோட்டைக் கழற்றி நீட்டினாள். டீச்சர் போட்டுப் பார்த்தார். உள்ளே இன்னொரு ஆள் நிற்கலாம் போலிருந்தது. "நான் இதை நிரப்புற வரைக்கும் நீயே போட்டுக்கம்மா" என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை கோட்டோட இங்க வந்துடணும்." அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே நடந்தது. கோட்டு மாணவி மேல் இருக்கும், பக்கத்து நாற்காலியில் டீச்சருக்குப் பசிக்கும். வேண்டுமென்று தீய்த்தால் ருசி வரவில்லை; ஆகவே டிரைவரைப் பேச வைப்பது மாணவியின் பொறுப்பு. மறுதேர்வில் அவள் செதுக்கிய பல் பேராசிரியரின் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

அடுத்த குளிர்காலத்தில் கோட்டு டீச்சருக்குச் சரியாக இருந்தது. அதை ஒப்படைத்துவிட்டு, மாணவி மெல்லிய புதுச் சட்டையோடு ஆற்றுப் பாலத்தில் நடந்து வந்தாள். தோள் வெறிச்சென்று இருந்தது. நடுப்பாலத்தில் வயிறு உறுமியது. புதுச் சட்டைக்குப் பசி கிடையாது என்பதால் அவள் நின்று யோசித்தாள். மற்ற உடைகளிடம் கேட்பதைப் போலத் தன்னிடமே என்ன வேண்டும் என்று கேட்டாள். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, நீ வைக்கும் பீன்ஸ் எப்படிம்மா வைப்பாய் என்றாள். எதைப் போட்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். புதுச் சட்டை என்றதும், "புதுசா?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "முதல்ல நாரை உரிச்சுக்கடி" என்று ஆரம்பித்தாள்.

பின்னாளில் அவள் டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பல் டாக்டரானாள். டீச்சரும் டிரைவரும் பல் வலியே இல்லாமல் பல் காட்ட வந்தார்கள். விஷயம் பரவிய பிறகு, பட்டன் அக்கா துணி விற்க வருபவர்களிடம் என்ன விரும்பிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, கழுத்துப் பட்டையில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடத் தொடங்கினாள். வாங்க வருபவர்கள் சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்டுவிட்டு, அட்டையையும் புரட்டிப் பார்ப்பார்கள். போன வாரம்கூட ஒரு மாப்பிள்ளைப் பையன் கறுப்புச் சூட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது. அட்டையில் மீன் என்று போட்டிருந்ததால், முள் எடுக்கத் தனக்குப் பொறுமை இல்லை என்று கழற்றி வைத்துவிட்டு, ரொட்டியோடு திருப்திப்படும் சாம்பல் நிறத்தை எடுத்துக்கொண்டு போனான்.