கரண்ட் போனா பாட்டு நிக்கக்கூடாது

வேல்சாமிக்குக் காது போயி ஏழு வருஷம் ஆச்சு. அந்த விஷயம் வெளியில ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்னு அவன் நெனச்சிருந்தான். கட்டின பொண்டாட்டி இசக்கியம்மாளுக்கே தெரியாது. "கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு, அம்புட்டு ஏத்தம்"னு அவ தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. இவனும் அதை அப்படியே விட்டுட்டான். செவிடன்னு பேர் வாங்குறதுக்குத் திமிர் பிடிச்சவன்னு பேர் வாங்குறது தேவலைன்னு அவன் கணக்கு.

ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல இருபது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னவன். அந்த இரைச்சல் இடது காதை முழுசாத் தின்னுட்டுது. வலது காதுல வேட்டுச் சத்தம் மட்டும் எங்கேயோ அடுத்த ஊர்ல வெடிச்ச மாதிரி வந்து விழும். யாரு பேசினாலும் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவான். இதுல கொடுமை என்னன்னு கேட்டா, இந்த மனுஷன் ட்ரம்ஸ் வாசிக்கிறவன்.

அவங்க செட்டுல நாலு பேரு. தலைவர் அபுபக்கர் பாய். பினாங்குல ஒரு ஓட்டல் பேண்டுல ஒன்பது வருஷம் கிளாரினெட் ஊதிட்டு வந்து, பஜார்ல கைலிக் கடை போட்டவரு. கிதாருக்கு டெய்லர் அல்லா பிச்சை. பேஸுக்கு ஸுந்தரராஜன், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்ல கிளார்க்கு. ஆளை விட உசரமான வயலின் மாதிரி இருக்கும் அந்த பேஸ். நின்னுக்கிட்டு, கட்டிப்பிடிச்சு, விரலால சுண்டி வாசிக்கணும். பாய் பினாங்குல கத்துக்கிட்டு வந்தது ஸ்விங் ஜாஸ். செட்டும் அதைத்தான் வாசிக்கும். யாராவது சினிமாப் பாட்டு கேட்டா, "கேசட்டு போட்டுக் கேட்டுக்கோங்க"ன்னு பாய் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிருவாரு.

ஸ்விங்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. பேஸ் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நடக்கும். ட்ரம்ஸ் அதுகூட ஒட்டிக்கிட்டே செத்த துள்ளும். கேக்கிறவன் தலை தன்னால ஆடும். பேஸும் ட்ரம்ஸும் பிரிஞ்சுட்டா அம்புட்டுத்தான், கிளாரினெட் எம்புட்டு இனிச்சாலும் பாட்டு நொண்டும். அதனால வேல்சாமிக்கு வேற எதுவும் கேக்க வேண்டாம், பேஸ் தெரிஞ்சாப் போதும். அவங்க வழக்கமா வாசிக்கிற ராஜபாளையத்து கிளப்புல மேடை பலகை மேடை. பேஸுக்கு அடியில இருக்க இரும்புக் கம்பி பலகையில ஊணி நிக்கும். இவன் செருப்பைக் கழட்டிட்டு உக்காருவான். ஸுந்தரராஜன் சுண்டுறது அம்புட்டும் பலகை வழியா இவன் உள்ளங்காலுக்கு வந்துரும். ஏழு வருஷமா இந்த ஆளு காலாலதான் பாட்டுக் கேட்டான்.

இதைக் கண்டுபிடிச்சது ஸுந்தரராஜன்தான். ஒருநா பின்னாடி நின்னு நாலு வாட்டி கூப்பிட்டுப் பார்த்திருக்காரு. இவன் திரும்பல. மத்தவங்க போன பொறவு முன்னால வந்து நின்னு, வாயை நல்லாத் திறந்து, "எத்தனை நாளா வேலு?"ன்னு கேட்டாரு. வேல்சாமி அழுதுட்டான். அவரு செட்டுல யாருகிட்டயும் சொல்லல.

எண்பத்தெட்டுல மில்லைப் பூட்டிட்டாங்க. செட்டைத் தவிர வேல்சாமிக்குப் பிடிச்சு நிக்க ஒரு கொம்பும் இல்ல. அந்த நேரம் பாத்துக் கொடைக்கானல்ல ஒரு ஓட்டல்காரரு, சீசன் ஆறு மாசத்துக்கும் உங்க செட்டு வேணும், ஆனா ஒருக்கக் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னுட்டாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு அவரு வாராரு, அங்க வாசிங்கன்னு ஏற்பாடு. பாய் நாலு பேரையும் உக்கார வச்சு, "யாரு தப்பு விட்டாலும் நான் முகம் பாக்க மாட்டேன். மதுரையில ட்ரம்மரும் இருக்கான், கிதார்காரனும் இருக்கான்"னாரு. ட்ரம்மர்னு சொல்லும்போது அவரு உதடு குவிஞ்சதை வேல்சாமி பார்த்தான்.

ரிசப்ஷனன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்துக்குள்ள காலை வச்சவன் அப்படியே நின்னுட்டான். மேடை சிமெண்டு. செருப்பைக் கழட்டி நின்னு பார்த்தான். ஸுந்தரராஜன் ஒரு கம்பியைச் சுண்டினாரு. காலுக்கு ஒண்ணுமே வரல, சில்லுனு இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

"சாமி, நான் செத்தேன்"னான் அவருகிட்ட.

"எதுக்குச் சாகணும்? என் கையைப் பாரு. விரல் எப்ப விழுதோ அப்ப நீ விழு."

"கரண்ட் போச்சுன்னா?"

அவன் கேட்டதுல நியாயம் இருந்துச்சு. அந்த வருஷம் கரண்ட் போகாத சாயங்காலமே கிடையாது. செட்டுக்குன்னு ஒரு சட்டம் உண்டு: கரண்ட் போனா பாட்டு நிக்கக்கூடாது. நம்ம வாத்தியத்துல எதுக்குய்யா கரண்ட், ஊதுறதுக்கும் அடிக்கிறதுக்குமான்னு பாய் கேப்பாரு. லைட்டு அணைஞ்ச உடனே அவரும் அல்லா பிச்சையும் மேடையை விட்டு இறங்கி, வாசிச்சுக்கிட்டே இருட்டுல சனத்துக்குள்ள நடப்பாங்க. பேஸும் ட்ரம்ஸும் மேடையில நின்னு பாட்டைத் தாங்கணும். சனங்க அதுக்காகவே கரண்ட் போகாதான்னு காத்திருக்கும்.

ஸுந்தரராஜன் பேஸைத் தூக்கிட்டு வந்து வேல்சாமிக்கு இடது பக்கம் ஒட்டி நிறுத்தினாரு. அவன் இடது கணுக்காலைத் தன் ஷூக் காலால ரெண்டு தட்டுத் தட்டினாரு. அவன் முகத்தைப் பார்த்து, "இருட்டுல இதுதான் நம்ம பாஷை. நான் தட்டுறேன், நீ வாசி. பயப்படாதே"ன்னாரு. அவரு நெத்தி வேர்த்திருந்துச்சு. தை மாசக் குளிர்ல என்னத்துக்கு வேர்க்குதுன்னு வேல்சாமி கேட்டிருக்கலாம். தன் பயம் தனக்குப் பெருசாப் போச்சு, கேக்கல.

ஏழு மணிக்கு ஆரம்பிச்சாங்க. வேல்சாமி கண்ணு அந்த வலது கை ரெண்டு விரலை விட்டு நகரல. ரெண்டு பாட்டு நல்லபடியாப் போச்சு. ஓட்டல்காரரு முன் வரிசையில உக்காந்து தொடையில தட்டிக்கிட்டிருந்தாரு. மூணாவது பாட்டு பாதியில கரண்ட் போச்சு.

கும்மிருட்டு. அந்த விரல் இல்ல. மேடை இல்ல, கையில குச்சி இருக்கது மட்டும் தெரியுது. வேல்சாமி குருட்டாம்போக்குல அடிச்சான். எங்க இருக்கேன், முன்னாடி ஓடுதேனா, பின்னாடி இழுக்குதேனா, ஒண்ணும் தெரியல. தட்டுங்க சாமி, தட்டுங்க சாமின்னு உள்ளுக்குள்ள கெஞ்சினான். கண்ணுல தண்ணி வந்துட்டுது. பாய் இந்நேரம் மேடையைத் திரும்பிப் பாப்பாரு, நாளைக்கு மதுரைக்குச் சொல்லி விட்டுருவாரு, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சான்.

அப்ப இடது கணுக்கால்ல தட்டு விழுந்துச்சு.

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு அவனுக்கு. தட்டு கொஞ்சம் அவசரமா இருந்துச்சு. சாமி வேகத்தைக் கூட்டுதாருன்னு இவனும் கூட்டினான். ஷூ மாதிரி இல்ல, விரல் மாதிரி இருந்துச்சு. நல்லாப் படட்டும்னு ஷூவைக் கழட்டிட்டாரு போலன்னு எடுத்துக்கிட்டான். படபடன்னு தட்டு, படபடன்னு இவன் அடி. முகத்துல காத்துப் பட்ட மாதிரி இருந்துச்சு, சனம் கை தட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டான். செத்த நேரத்துல தட்டு மெதுவாச்சு. சரி, பாட்டை இறக்கச் சொல்லுதாரு. குச்சியை வச்சுட்டு, ட்ரம்ஸைத் தடவி வாசிக்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்தான். ஒரு தட்டு, ஒரு தடவு. இன்னும் மெதுவா. இவனும் மெதுவா. அப்படி ஒரு வாசிப்பு அவன் ஆயுசுல வாசிச்சதில்ல. கடைசியில ஒரு கை வந்து கணுக்காலை இறுக்கிப் பிடிச்சுது. முடிக்கச் சொல்லுதாருன்னு, சிம்பல்ல பூப்போல ஒண்ணு போட்டு முடிச்சான்.

கரண்ட் வந்துச்சு.

சந்தோஷத்துல இடது பக்கம் திரும்பினான். ஸுந்தரராஜன் அங்க இல்ல. பேஸ் சுவத்துல பதனமா சாஞ்சிருந்துச்சு. அவரு கீழ கெடந்தாரு, ஒரு கன்னம் சிமெண்டுல, வலது கை இவன் கணுக்கால்ல. கண்ணு திறந்திருந்துச்சு. வேல்சாமி ஸ்டூலோட சரிஞ்சு அவரு மேலயே விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. மாரடைப்பு, வாரதுக்கு முன்னாலயே போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, மேடைக்குப் பின்னால பந்தி இலை நறுக்கிக்கிட்டிருந்த மண்டபத்து வேலைக்காரி வெள்ளத்தாய் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "அந்த ஐயா வேலு, வேலுன்னு மூணு வாட்டி கூப்பிட்டாகளே. நீங்க பாட்டுக்கு நடுவுல பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிடுவியளே, அப்படீன்னுல்ல நெனச்சேன்"னா. அவ வாயை வேல்சாமி பார்த்துக்கிட்டே இருந்தான். ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுது.

பாய் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "பேஸ் கேக்கலை லே. இருட்டுல தடுமாறுதாருன்னு நெனச்சேன். உன் ட்ரம்ஸ் நிக்கல பாரு, பக்கத்துல நீ இருக்கியேன்னு நானும் நிறுத்தல"ன்னு சொல்லிட்டு முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. பொறவு அவரா முனகினாரு. "கடைசியில மெதுவாப் போன இடந்தான் அந்த ஓட்டல்காரருக்குப் பிடிச்சுப் போச்சாம். வரச் சொல்லிட்டாரு."

வேல்சாமி எந்திரிச்சுப் போயி ரோட்டோரமா வாந்தி எடுத்தான்.

மூணாம் நாள் மத்தியானம் மூணு பேரும் ஸுந்தரராஜன் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனாங்க. அவரு சம்சாரம் காஞ்சனா கூடத்துல சுவரோரமா உக்காந்திருந்தாங்க. புடவைத் தலைப்பு வாயை மூடியிருந்துச்சு. பாய் ஏதோ சொன்னாரு. அல்லா பிச்சை அழுதாரு. அந்தம்மா கண்ணை மட்டும் தூக்கி வேல்சாமியைப் பார்த்தாங்க. தலைப்பு லேசா அசைஞ்சுது. என்னவோ கேக்காங்கன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல. எல்லாரும் இவனையே பார்த்தாங்க. பாய் இவன் தோளைத் தொட்டாரு. பதில் சொல்லாம இருந்தா ஏத்தம்னு நெனப்பாங்க, அப்படியே நெனச்சுட்டுப் போகட்டுமேன்னு ஏழு வருஷத்துப் பழக்கம் உள்ள இருந்து சொல்லுச்சு.

"அம்மா, வாயில இருக்க துணியை எடுத்துட்டுச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

பாய் கை தோள்ல இருந்து விழுந்துச்சு. காஞ்சனா தலைப்பை இறக்கினாங்க. உதடு வறண்டு வெடிச்சிருந்துச்சு. "எனக்குத் தெரியும். அவர் சொல்லியிருக்கார்"னாங்க. "உங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் உங்க பேரையா கூப்பிட்டாராம்?"

வேல்சாமி இடது காலை இழுத்துத் தனக்குள்ள மடக்கிக்கிட்டான்.

"கூப்பிட்டுட்டு, எனக்குக் கேக்காதுன்னு ஞாபகம் வந்திருக்கும்மா. கீழ விழுந்த பொறவு என் காலைத் தட்டினாரு. ரொம்ப நேரம் தட்டினாரு. நான் அதுக்கு வாசிச்சேன்."