நாற்பதில் மூன்று

விடிவதற்குள் இன்குபேட்டர் அறையைக் காலி செய்தாக வேண்டும். முட்டை அடைவைத்த இருபத்தோராம் நாள். கதவைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அறையும். குஞ்சுகளின் தூவி மூக்கில் ஏறித் தும்மலாக இறங்கும். கால் கடுக்க நின்று நாங்கள் ஆறு பேர் குஞ்சுகளை அள்ளிப் பெட்டியில் விட்டோம். அன்று அள்ள அதிகமில்லை. தட்டுக்குத் தட்டு பாதி முட்டைகள் பொரிக்காமல் கிடந்தன.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். சொந்தப் பண்ணையின் நாற்றம் தனக்கே ஆகாத மனிதர். ஒரு முட்டையை விளக்கில் பிடித்து, வைரம் சோதிப்பவரைப் போல ஒற்றைக் கண்ணை மூடினார்.

"எல்லாம் சூடு ஏறிச் செத்துப்போச்சு. இந்தப் பொம்பள தூங்கிட்டா."

அவர் சொன்னது எங்கள் டார்ச் அக்காவை. கரு வளர்கிறதா என்று பார்க்க முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தே பத்து வருடம் ஓட்டியவள். ராத்திரியில் இன்குபேட்டர் சூட்டைக் கவனிப்பதும் அவள்தான்.

"நாளையிலேருந்து வர வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள ரூமையும் காலி பண்ணிடு."

கொட்டகைக்குப் பின்னாலிருந்த அந்த ஒற்றை அறையில் அக்காவும் நடக்க முடியாத அவள் புருஷனும் இருந்தார்கள். வேறு போக்கிடம் கிடையாது.

அக்கா அழவில்லை. "வெளிச்சத்துல பாத்தா கருவே கூடாத முட்டையும், கரு கூடி முதல் நாளே செத்த முட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். உடைச்சுப் பாத்தாதான் தெரியும், முதலாளி."

"உடைக்கிறதா? அது என் சொத்து."

சொத்துதான். மூன்று வாரம் சூட்டில் கிடந்த அந்த முட்டைகளைப் பின்வாசல் வழியாக பிஸ்கட் கம்பெனிக்கு அனுப்புகிற புண்ணியவான் அவர். அந்த பிஸ்கட்டை எங்கள் பிள்ளைகள் தின்கிறார்கள். அவர் வீட்டில் அதை நாய்க்கும் போடமாட்டார்கள்.

"இதுவரைக்கும் ஒரு முட்டையாவது உடைச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றாள் அக்கா.

"நான் எதுக்கு உடைக்கணும்? எனக்கு ஆம்லெட்டா தட்டுல வந்துடும்."

அக்கா ஒரு முட்டையைத் தட்டின் விளிம்பில் தட்டிக் கிண்ணத்தில் விட்டாள். மஞ்சள் கரு குலையாமல் நின்றது. அதன் மேல் உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான்.

"இதுல கருவே கூடல. இது எப்படி என் கையில சாகும்?"

தீவனம் போடும் அண்ணன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வாயைத் திறந்தார். "தீவனம் மிச்சம்னு சேவல்ல பாதிய வித்தீங்க. மிச்சம் இருக்கிறது கிழடு. அப்புறம் கரு எப்படிக் கூடும்? நானும் வாய மூடிட்டு இருந்தேன். தப்புதான்." சொல்லிவிட்டு அவரும் ஒன்றை உடைத்தார். நான் ஒன்று. பிறகு எல்லோரும், நாற்பது முட்டை ஆகும்வரை.

மூன்றில் மட்டும் காசு அகலத்துக்கு வெள்ளைப் படலம். சுற்றிலும் இரத்த வளையம். நான் அதில் ஒன்றை ஓரமாகக் கொட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"மறைக்காத. இது கரு கூடிச் செத்தது. நம்ம பக்கம் வை."

முதலாளி துள்ளினார். "பாத்தியா, ஒத்துக்கிட்டா!"

"ஒத்துக்கிறேன். நாப்பதுல மூணு. மிச்சம் முப்பத்தேழ நீங்க ஒத்துக்குங்க."

"எல்லாரையும் துரத்திட்டு வேற ஆள் வெப்பேன்," என்று முதலாளி கத்திவிட்டுக் காரில் ஏறினார். வாசலில் அடுத்த ஈட்டுக்கு அவருடைய கோழிக் கொட்டகையிலிருந்து வந்த முட்டை லாரி நின்றது. ஒருவரும் இறக்கப் போகவில்லை. அக்காவுக்கு வேலையும் அறையும் உண்டு என்று அவர் சொல்லும்வரை அது அங்கேயே நிற்கட்டும் என்று முடிவு செய்தோம்.

சாயங்காலம் அறைக்குப் பூட்டுப் போட வாட்ச்மேனை அனுப்பினார். நேரில் வரும் துணிச்சல் எங்கே இருக்கிறது? அந்த அறை வாசலை அடைத்துக்கொண்டு ஆறு பேரும் தட்டுத் தட்டாக உடைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே கட்டிலில் அக்காவின் புருஷன் எண்ணிக்கையைச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் பூட்டோடு குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குந்தினார்.

"எந்தப் புள்ளியப் பாக்கணும்?"

அக்கா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.