மூக்கைத் தூக்கும் படகு

கம்சலாவின் படகுக்கு ஒரு கெட்ட குணம். வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கும். தூக்கிய கையோடு மல்லாந்துவிடும். கை நீளம்கூட இல்லாத ரிமோட் படகுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

தெமோதரையில் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் படகு விடும் சங்கத்தின் அணியில் ஓர் இடம்தான் பாக்கி. சங்கத் தலைவன் ஹபீஸின் படகை மூன்று சுற்றில் முந்துகிறவருக்கு அது. போன இரண்டு ஞாயிறும் கம்சலாவின் படகு முன்னால் போய்த்தான் கவிழ்ந்தது. இன்றும் கவிழ்ந்தால், இந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கரையில் கொடி பிடிக்கிற வேலை. அதை ஹபீஸ் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்ட் மோட்டரை ஒவ்வொரு தரமும் அவள் கொஞ்சம் மேலே ஏற்றியிருந்தாள். மோட்டர் உயர்ந்தால் தண்ணீர் இழுப்பது குறையும், வேகம் கூடும். மூக்கும் கூடவே எழும்பும். இறக்கிவிட்டால் கவிழாது, ஜெயிக்கவும் செய்யாது. இறக்குவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

இந்த லட்சணத்தில் அம்மா பூவம்மா பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாள். கையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. அவர்களுடைய இரும்புக்கடை வாசலிலும் கடை லொறியிலும் வெள்ளி தவறாமல் தொங்குகிற அதே கயிறு.

"ஐயோ அம்மா, இது லொறி இல்ல!"

"ஓடுறது எல்லாம் வண்டிதான். கண்ணு பட்டுத்தான் கவுறுது. கட்டுடி."

கரையே சிரித்தது. கம்சலாவுக்கு மானம் போயிற்று. கட்டாவிட்டால் அம்மா அங்கேயே அழுவாள் என்பதால், வெள்ளோட்டத்துக்கு மட்டும் மூக்கில் கட்டிவிட்டாள்.

படகு கவிழவில்லை. முழு வேகத்திலும் கவிழவில்லை. பழம் இப்படியும் அப்படியும் அடித்ததில் ஓட்டம் மந்தம்தான். ஆனால் மூக்கு எழும்பவே இல்லை.

"பாத்தியா!" என்றாள் பூவம்மா.

கம்சலா பார்த்தாள். பாரம்! மோட்டரையே கட்டிக்கொண்டு அழுதவள் முன்பாரத்தை நினைக்கவே இல்லை. தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாள். நடுவில் இருந்த பெட்டரியை மூக்குப் பக்கம் தள்ளி இறுக்கினாள். அதோடு விட்டாளா? மோட்டரை இன்னும் ஒரு நூல் மேலே ஏற்றினாள்.

"அவுத்துட்டியேடி பாவி!" பூவம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஒங்க பழம் சொன்னத கேட்டுத்தாம்மா அவுத்தேன்."

போட்டி தொடங்கியது. முதல் சுற்றில் ஹபீஸ் முன்னால். இரண்டாவதில் அவனுடைய படகு கிளப்பிய அலையில் இவளுடையது ஏறியது, மூக்கு எழும்பியது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி விரல் கெஞ்சியது. அவள் குறைக்கவில்லை. மூக்கு தானாகப் படிந்தது. கடைசிச் சுற்றில் ஹபீஸைத் தாண்டி, எல்லைக் கொடியையும் தாண்டியது படகு.

ஹபீஸ் பூவம்மாவிடம் வந்தான். "ஆன்ட்டி, அந்தப் பழத்துல என்ன மந்திரம் வச்சீங்க?"

பெருமையடித்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு மாசம் சொல்லலாம். பூவம்மா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"பழத்தத்தான் அவ கழட்டிட்டாளே தம்பி. இது எம் மக வேல."

தோற்ற இரண்டு ஞாயிறும் கண் கலங்காத கம்சலா, அப்போது அழுதாள்.